துப்பார்க்குத் துப்பாய: ஒரே சொல் திரும்பி வருவது நயமா, சுமையா?

யாப்புநேசன்:
வான்சிறப்பு அதிகாரத்தின் இரண்டாம் குறளை அலகிட்டு, அதாவது சீர்களை அசைகளாகப் பிரித்துக் கண்டதை முன்வைக்கிறேன்.

துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத்
துப்பாய தூஉம் மழை.

முதல் ஐந்து சீர்களும் நேர் நேர் நேர் என மூன்று நேரசை கொண்ட தேமாங்காய்ச் சீராகவே வருகின்றன. ஐந்திலும் 'துப்' என்று உதடு மூடித் திறக்கிறது. ஆறாம் சீரில்தான் 'ப்' என்ற அந்த வல்லொற்று மறைந்து ஓசை நீள்கிறது, அதன் பிறகே மழை என்ற சொல் வெளிப்படுகிறது. இது தற்செயலாக அமைந்தது என்று என்னால் ஏற்க முடியவில்லை.

செம்பொருள்:
அலகீட்டில் பிழையில்லை ஐயா, முடிவைத்தான் மறுக்கிறேன். ஒரே சொல்லைச் சீர்தோறும் முதலில் வைத்தால் மோனையும் (முதலெழுத்து ஒன்றுதல்) எதுகையும் (இரண்டாம் எழுத்து ஒன்றுதல்) தாமாகவே அமைந்துவிடும். 'கற்க கசடறக் கற்பவை கற்றபின்' என்ற குறளில் இரண்டாம் அடியை 'நிற்க' என்னும் வேறு சொல் தொடங்கி எதுகையைத் தாங்குகிறதே, அங்கேதான் புலவரின் தேர்வு தெரிகிறது. இங்கோ உரையின் துணையில்லாமல் பொருளே பிடிபடுவதில்லை. 'தூஉம்' என்பதும் 'ஆயதும்' என்பதை இனிமைக்காக நீட்டிய இன்னிசை அளபெடை. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

யாப்புநேசன்:
அளபெடையை எடுத்துவிட்டுப் பாருங்கள். 'துப்பாய தும் மழை' என்றால் நடுச்சீர் ஓரசையாகிறது; குறளும் வெண்பாதான், வெண்பாவில் ஈற்றுச் சீருக்கு மட்டுமே அந்த இடம் உண்டு. 'துப்பாயதும்' என்று ஒரே சீராகச் சேர்த்தால் வெண்பாவில் வரக்கூடாத தேமாங்கனிச் சீர் (நேர் நேர் நிரை) வந்து வெண்பாவே கெடுகிறது, சீரும் ஒன்று குறைகிறது. இதே அதிகாரத்தில் 'கெடுப்பதூஉம் கெட்டார்க்கு' என்று தொடங்கும் குறளின் 'கெடுப்பதூஉம்' அப்படியன்று: 'கெடுப்பதும்' என்றாலும் கருவிளமாக (நிரை நிரை), சீர்களின் இணைப்பான தளை கெடாமல் நிற்கும். ஆகவே இங்கே அளபெடை யாப்பையும் தாங்குகிறது. 'தூஉம்' தேமாவாகி (நேர் நேர்), 'தேமா முன் நிரை' என்று 'மழை'யோடு வெண்பாவுக்குரிய இயற்சீர் வெண்டளையில் சேர்வதும் அதனால்தான்.

குறள்வாசகி:
இருவருக்கும் இடையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். துப்பார் என்றால் உண்பவர். முதல் 'துப்பாய' நல்லவையான என்றும், 'துப்பாக்கி' உணவை உண்டாக்கி என்றும், அடுத்த 'துப்பாய' தானே உணவாகிய என்றும் பொருள்படும். சொல் ஒன்றாக இருக்கப் பொருள் நகர்ந்துகொண்டே போகிறது, இதைச் சொற்பின்வருநிலையணி என்பார்கள். உணவை விளைவிக்கும் மழை தானும் உணவாகிறது என்ற கருத்தை, வினைக்கும் பயனுக்கும் ஒரே சொல்லைத் தந்து காட்டியதால்தான் எனக்கு இந்தக் குறள் இவ்வளவு பிடித்திருக்கிறது.

செம்பொருள்:
அளபெடையைப் பற்றி நான் சொன்னது அவசரமான தீர்ப்பு, அதைத் திரும்பப் பெறுகிறேன். அம்மா சொன்ன பொருள்நகர்வையும் ஏற்கிறேன். ஆனால் அது அணியின் சிறப்பு. எதுகையின் சிறப்பாக அதை எண்ணுவதற்கு இன்னும் எனக்கு மனம் வரவில்லை.