தேசிக்காய்த் தோல் எண்ணெய்: செறிவைக் கூட்டினால் நூலகப் பொருத்தம் குறைவது ஏன்?

கேள்வி

வணக்கம். யாழ்ப்பாணத்தில் இறுதியாண்டு ஆய்வுக்காகத் தேசிக்காய்த் தோல் எண்ணெயை ஜி.சி.–எம்.எஸ். கருவியில் (கலவையைப் பிரித்து, ஒவ்வொரு சேர்மத்தின் அயன்களையும் திணிவுப்படி அளப்பது) ஓட்டுகிறேன். காய்கள் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கியவை. எண்ணெய் நீராவி வடிப்பில் எடுத்தது. எக்சேனில் நன்கு ஐதாக்கிய மாதிரியில் லிமோனீன் என்ற சேர்மத்துக்கு, தெரிந்த சேர்மங்களின் திணிவு நிறமாலைகளைக் கொண்ட நிஸ்ட் நூலகம் 999க்கு 930க்கு மேல் பொருத்தம் தருகிறது. பத்து மடங்கு செறிவாகச் செலுத்தினால் அது 800க்குக் கீழே போய்விடுகிறது. உச்சங்கள் முன்னதைவிடப் பெரியவைதானே? எனக்குக் கிடைக்கும் எண்ணிக்கைகள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. நூலகத்தில் மிக உயர்ந்த உச்சமே 999தான். தேடுமுன் நானே மாற்றிக் கொடுக்க வேண்டுமா?

பதில்

தேவையில்லை, தங்கச்சி. தேடல் மென்பொருள் ஒவ்வொரு நிறமாலையையும் அதன் மிக உயர்ந்த உச்சத்துக்கு ஒப்பிட்டே பார்க்கிறது. பொருத்தம் என்பது இரு நிறமாலைகளையும் திசையன்களாகக் கொண்டு, அவற்றுக்கு இடையிலான கோணத்தை அளப்பதுபோன்ற கணக்கு. எல்லா உச்சங்களையும் ஒரே எண்ணால் பெருக்கினால் திசையன் நீளும், கோணம் மாறாது. தனி எண்ணிக்கை, செலுத்திய அளவுக்கும் உணரியிலுள்ள பெருக்கியின் மின்னழுத்தத்துக்கும் ஏற்ப நாளுக்கு நாள் மாறும். அதை நூலகத்தில் வைத்து யாருக்கும் பயனில்லை.

உங்கள் சிக்கல் உணரி நிரம்பிவிடுவதில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். லிமோனீனின் நிறமாலையில் திணிவு 68 கொண்ட அயனின் உச்சம் மிக உயர்ந்தது, அடுத்து 93. உணரியின் எல்லையைத் தொட்டதும் இவை இரண்டும் அதற்கு மேல் வளராது; 121, 136 போன்ற சிறியவை மட்டும் வளர்ந்துகொண்டே போகும். அதனால் விகிதமே குலைகிறது. பொருத்தக் கணக்கில் பாரமான அயன்களுக்குக் கூடுதல் மதிப்பும் கொடுக்கப்படுவதால் அடி இன்னும் பலமாக விழும்.

68 அயனின் அளவு மட்டும் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்ற வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். உச்சி தட்டையாக இருந்தால் வேறு சான்று தேவையில்லை. செலுத்தும்போது பிளவு விகிதத்தைக் கூட்டுங்கள்; மாதிரியின் சிறு பங்கு மட்டும் உள்ளே போகும். மாதிரி தீர்ந்துவிட்டது என்றால், அந்த வரைபடத்தில் உச்சத்தின் நடுவை விட்டு, உயரம் குறைந்த இரு சரிவுகளிலிருந்தும் நிறமாலை எடுத்துச் சராசரி பாருங்கள். ஒரு சரிவை மட்டும் நம்ப வேண்டாம். குவாட்ருபோல் (கருவியில் அயன்களைத் திணிவுப்படி பிரிக்கும் பகுதி) திணிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக வருடுகிறது, அதற்குள் நிரலிலிருந்து (சேர்மங்களைப் பிரிக்கும் நீண்ட மெல்லிய குழாய்) வரும் பொருளின் அளவு மாறிவிடும்.

கேட்டவர்

மிக்க நன்றி அண்ணா. 68 உண்மையில் தட்டையாகத்தான் இருக்கிறது. இரு சரிவுகளின் சராசரி 900ஐத் தாண்டிவிட்டது! ஆனால் சிறிதளவே உள்ள சேர்மங்களின் நிறமாலைகளில் 207, 281 அயன்கள் வந்து பொருத்தத்தைக் கெடுக்கின்றன.

இன்னொருவர்

அவை நிரலின் உட்பூச்சிலிருந்து வரும் சிலொக்சேன் கசிவு. அருகில் உச்சம் எதுவும் இல்லாத இடத்தின் நிறமாலையைக் கழித்துவிட்டுத் தேடுங்கள். தலைகீழ்ப் பொருத்தத்தையும் பாருங்கள்: நூலக நிறமாலையில் இல்லாத உச்சங்களை அது கணக்கில் எடுப்பதில்லை. நேர்ப் பொருத்தம் தாழ்ந்து, தலைகீழ் உயர்ந்திருந்தால் பெரும்பாலும் கலப்புத்தான் காரணம்.

ஆனால் 900 வந்துவிட்டது என்பதற்காக ஆய்வறிக்கையில் பெயரை எழுதிவிடாதீர்கள். பீட்டா-பைனீன், காமா-டெர்பினீன் இரண்டும் தேசிக்காயில் உண்டு. இரண்டுக்கும் 93தான் மிக உயர்ந்த உச்சம். டெர்பீன்களை நிறமாலையால் மட்டும் பிரிப்பது ஆபத்தானது. அதே வெப்பநிலைத் திட்டத்தில் நேர்ச்சங்கிலி அல்கேன் கலவையை ஓட்டி, தங்குகைச் சுட்டெண்ணை (சேர்மம் வெளிவரும் நேரத்தை அல்கேன்களின் நேரங்களோடு ஒப்பிட்டுத் தரும் எண்) கணியுங்கள். டிபி-5 வகை நிரலில் பீட்டா-பைனீன் 980 அளவிலும், லிமோனீன் 1030 அளவிலும், காமா-டெர்பினீன் 1060 அளவிலும் வரும். சுட்டெண் ஒத்துவராவிட்டால் 950 பொருத்தத்தையும் ஒதுக்கிவிடுங்கள்.