பார்பர் 'அடாஜியோ': நடுவுல சத்தம் நின்னுடுது, முடிவும் அரைகுறை. ஃபைல்ல கோளாறா?

மொட்டைமாடி:
'பிளட்டூன்' படத்துல வருமே, அமெரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் பார்பரோட 'அடாஜியோ ஃபார் ஸ்ட்ரிங்ஸ்', அதை டவுன்லோட் பண்ணிக் கேக்கறேன். ஆரம்பம் காதுலயே விழல. வால்யூமை ஏத்தினா அப்புறம் வயலின் எல்லாம் சேர்ந்து காதைப் பிளக்குது. அந்த உச்சத்துல டக்குனு மயான அமைதி, போன் ஹேங் ஆனாப்ல. கடைசியிலயும் முடிஞ்ச மாதிரியே இல்ல, அந்தரத்துல நிக்குது. ஹெட்போன் மாத்தியாச்சு, வேற ஃபைலும் இறக்கியாச்சு, அதே கதை. அவரோட பியானோ சொனாட்டா போட்டுப் பாத்தேன், தலையும் புரியல வாலும் புரியல. இவரை எங்கிருந்து கேக்கறது?

கீழ்ஸ்தாயி:
ஃபைல் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் கோளாறு என்று சொன்ன மூன்றையும் பார்பரே எழுதி வைத்திருக்கிறார்.

முதலில் வயலின்கள் ஒரே ஒரு சுரத்தை மெல்லப் பிடித்து நிற்கும். கீழே மற்ற வாத்தியங்கள் வந்து சேர்ந்த பிறகுதான் மெட்டு நகரும். அதுவும் தாவாது, பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்துச் சுரமாகப் படியேறும். பிறகு வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வயோலா, அதன் பிறகு இன்னும் பெரிய செல்லோ என்று அதே மெட்டு கைமாறும். எல்லாரும் மேலே ஏறி முட்டியதும் ஒரு முழு நிறுத்தம். போன் ஹேங் ஆனது என்று நினைத்தது இதைத்தான். வால்யூமை அந்த உச்சத்துக்குச் செட் பண்ணிக்கொண்டு முதலிலிருந்து போடுங்கள். ஆரம்பம் மெதுவாகத்தான் கேட்கும், கேட்கட்டும்.

முடிவு விஷயம் சுவாரசியமானது. 1936-ல் இது ஒரு ஸ்ட்ரிங் குவார்டெட்டின், அதாவது இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோவுக்கான இசையின், இரண்டாம் பகுதி. தொங்கலில் நிற்கும் அந்தக் கடைசி ஒலி நேராக வேகமான மூன்றாம் பகுதிக்குள் போகும். தனியாகப் பிரித்துப் பெரிய தந்திக் குழுவுக்கு மாற்றியபோது பின்னால் வந்தது போய்விட்டது, தொங்கல் மட்டும் மிச்சம். குவார்டெட்டை முழுசாகக் கேட்டால் சட்டென்று பிடிபடும்.

டைப்_சி:
ப்ளேயர் செட்டிங்க்ஸ்ல கிராஸ்ஃபேட் இருந்தா ஆஃப் பண்ணுங்க ப்ரோ. இல்லன்னா கடைசி நோட்டு தேயறதுக்குள்ள அடுத்த பாட்டு மேல ஏறிக்கும். 'ஸ்கிப் சைலன்ஸ்' இருந்தா அதையும். பேரை மட்டும் தேடினா டிஜே ரீமிக்ஸ் வரும், ஜாக்கிரதை.

பழையரேடியோ:
சொனாட்டாவில் ஆரம்பித்தால் யாருக்கும் தலைசுற்றும் தம்பி. 1949-ல் பியானோ மேதை ஹோரோவிட்ஸ் வாசித்து அரங்கேற்றியது, ஒரே மெட்டு மாறி மாறித் துரத்தும் கடைசி ஃபியூக் விரல்களுக்கே தண்டனை. ஒரு வருஷம் கழித்துக் கேட்டுக்கொள்ளலாம்.

இந்த ஆளை வாய்ப்பாட்டுக்காரராக நினைத்துக்கொண்டு கேளுங்கள். பென்சில்வேனியாவின் வெஸ்ட் செஸ்டரில் 1910-ல் பிறந்தவர். அம்மாவின் சகோதரி லூயிஸ் ஹோமர் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பராவில் பாடியவர். இவரும் பாரிட்டோன் (நடுத்தர ஆண்குரல்) பாடகராக முறையாகப் பயின்றார். 'டோவர் பீச்' என்ற பாட்டு 1931-ல் எழுதியது. அதைத் தானே பாடி 1935-ல் ரெக்கார்டும் செய்தார், தேடினால் கிடைக்கும். அப்புறம் வயலின் கான்செர்ட்டோவின் (ஆர்கெஸ்ட்ராவோடு ஒரு தனி வயலின்) இரண்டாம் பகுதி: வயலின் கச்சேரி என்று உட்கார்ந்தால் முதலில் ஓபோ என்ற ஊதுகுழல்தான் நிதானமாகப் பாடும், வயலின் காத்திருக்கும். என்னைக் கேட்டால் அடாஜியோவைவிட இது ஒரு படி மேல்.

கீழ்ஸ்தாயி:
அதே கான்செர்ட்டோவின் மூன்றாம் பகுதியையும் விட்டுவிடாதீர்கள் ஐயா! வயலின்காரருக்கு மூச்சுவிட நேரமில்லாத ஓட்டம். பார்பர் என்றாலே சாவு வீட்டு இசை என்று முத்திரை விழுந்துவிட்டது. 1945-ல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் இறந்தபோது ரேடியோவில் போட்டார்கள், அதிலிருந்து துக்கம் என்றால் அடாஜியோதான். யார் சாவுக்காகவும் அவர் அதை எழுதவில்லை. 'ஸ்கூல் ஃபார் ஸ்கேண்டல்' ஓவர்ச்சர் (தொடக்க இசை) போட்டுப் பாருங்கள், குறும்பு தெரியும்.

மொட்டைமாடி:
குவார்டெட் போட்டேன், மூணாம் பகுதி வந்து இடிச்சதுமே விஷயம் புரிஞ்சுது. ரொம்ப நன்றி. டாஸ்கனினி கண்டக்டரா நடத்தின 1938 அடாஜியோ ரெக்கார்டிங் கெடச்சுது, ஒரே இரைச்சல். அதுவும் அப்படித்தானா?

டைப்_சி:
அது அந்தக் காலத்து ரேடியோ ஒலிபரப்பு ப்ரோ. ஈக்வலைசர்ல இரைச்சலைக் குறைக்கப் போனா வயலினும் சேர்ந்து மங்கிடும், சும்மா விடுங்க.

பழையரேடியோ:
நவம்பர் 5, முதல் அரங்கேற்றமே அதுதான், வரலாற்றுக்காக வைத்துக்கொள்ளுங்கள். தினமும் கேட்க, கண்டக்டர் தாமஸ் ஷிப்பர்ஸ் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்குடன் செய்த ஸ்டீரியோ பதிவு. அடுத்தது 'நாக்ஸ்வில்: சம்மர் ஆஃப் 1915'. ஒரு சோப்ரானோ (உச்சஸ்தாயிப் பாடகி), சின்ன ஆர்கெஸ்ட்ரா, கால் மணி நேரம். எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜியின் உரைநடையைத்தான் பாட்டாக்கியிருக்கிறார். வரிகளைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் ஒரு டிராம் வண்டி வரும் இடத்தில் ஆர்கெஸ்ட்ரா என்ன செய்கிறது என்று கவனியுங்கள்.