வாடகைக்கு இருக்கிறவைக்கு பெனிஃபிட் வெட்டு: இந்த மாதம் பாதி வாடகைதான் வந்தது, என்ன செய்யலாம்?

கிழக்குவாசல்

வணக்கம். வெளி லண்டனில எனக்கு ரெண்டு படுக்கையறை ஃபிளாட் ஒண்டு இருக்கு, வாடகைக்கு விட்டிருக்கிறன், வாடகை மாதம் 1,750 பவுண்ஸ். இருக்கிறது புருஷன், மனைவி, 11 வயதிலயும் 6 வயதிலயும் ரெண்டு பிள்ளையள். புருஷனுக்குப் போன வருஷம் வேலை போய்ட்டுது. மனைவி வேலைக்குப் போறேல்லை. யூனிவர்சல் கிரெடிட் எண்ட அரசாங்க உதவிக்காசில வீட்டுக்கு 1,350 வரும், மிச்சம் 400ஐத் தங்கட கையால போட்டு ஒழுங்காக் கட்டினவை. இந்த மாதம் 900தான் வந்தது. கேட்டா, "687 பவுண்ஸ் வெட்டிப்போட்டாங்கள்" எண்டு சொல்லீனம்.

வீட்டுக்காசை நேரா எனக்கு எடுக்கலாமோ? வாடகையைக் கொஞ்சம் குறைச்சா அவைக்கு உதவுமோ, இல்லாட்டி கிரெடிட்டும் சேர்ந்து குறையுமோ? 2026 மே 1க்கு முதல் 21ம் பிரிவு நோட்டீஸ், அதாவது காரணம் சொல்லாமல் எழுப்பிற நோட்டீஸ், குடுத்துவிடச் சொல்லி ஏஜென்ட் நெருக்கிறார். நல்ல சனம், எழுப்ப மனமில்லை. ஆனால் மோர்ட்கேஜ் கட்டுறது நிக்காதே.

மல்லிகைப்பந்தல்

உங்கட கணக்கில ரெண்டு ஓட்டை இருக்கு. ரெண்டுக்கும் காரணம் வேற, மருந்தும் வேற.

முதல் ஓட்டை அந்த 400. அது எல்.எச்.ஏ. எண்ட உள்ளூர் வாடகை அளவால வாறது. 2008இல தொடங்கேக்க அந்தப் பகுதி வாடகைகளின்ர நடு மட்டத்துக்குக் குடுத்தவை. 2011இல கீழ் 30 வீதத்துக்கு இறக்கினவை, அதாவது பத்து வீட்டில மலிவான மூண்டுக்குத்தான் காசு காணும். பிறகு 2016இல இருந்து நாலு வருஷம், 2020இல இருந்து இன்னும் நாலு வருஷம் அசையாமல் வச்சிருந்தவை. 2024 ஏப்ரலில ஒருக்கா உயர்த்திப்போட்டு 2025இல திரும்பவும் நிப்பாட்டியாச்சு. வாடகை ஏறிக்கொண்டு போக இது நிண்ட இடத்தில நிக்குது. நீங்கள் வாடகையைக் கூட்டினாலும் 1,350க்கு மேல ஒரு பென்னி வராது.

ரெண்டாவது ஓட்டை அந்த 687. அது பெனிஃபிட் உச்சவரம்பு, ஒரு வீட்டுக்கு வாற உதவிக்காசு சேர்த்து இதுக்கு மேல போகேலாது எண்ட எல்லை. லண்டனில குடும்பத்துக்கு வருஷம் 25,323, மாதத்துக்கு 2,110.25. 2025-26 கணக்கு இப்பிடி வரும்: தம்பதிக்கு 628.10, மூத்த பிள்ளைக்கு 339 (2017 ஏப்ரலுக்கு முதல் பிறந்தபடியால்), இளையதுக்கு 292.81, சைல்ட் பெனிஃபிட் மாதக் கணக்கில 187.63. இதுவே 1,447.54 ஆச்சு. அதோட வீட்டுக்கு 1,350 சேர 2,797.54. உச்சவரம்பைக் கழிச்சா 687.29. அவை சொன்னது ஒரு பவுணும் பிசகில்லை.

இதை இன்னொரு விதமாப் பாருங்கோ: சாப்பாடு, கரண்ட், பிள்ளையளின்ர செலவு எல்லாம் போக, வீட்டுக்கெண்டு இப்ப அவைக்கு வாறது 663 பவுண்ஸ் மட்டுந்தான். 900 தந்திருக்கினம் எண்டால், சாப்பாட்டுக் காசில கை வச்சுத்தான் தந்திருக்கினம்.

ஏன் இப்ப வெட்டினது? வேலை போக முதல் 12 மாதமும் போதியளவு உழைச்சவைக்கு 9 மாதம் விலக்கு உண்டு. அந்த ஒன்பது முடிஞ்சிருக்கும். ஜேர்னலில, அதாவது அவையின்ர கிரெடிட் ஆன்லைன் கணக்கில, உள்ள பேமென்ட் ஸ்டேட்மென்டைக் காட்டச் சொல்லுங்கோ. உச்சவரம்புக் கழிப்பு தனி வரியா இருக்கும். அட்வான்ஸ், பழைய கடன் எண்டு வேற வரியள் இருந்தால் அது வேற கதை.

வாடகைக் குறைப்புக்கு மறுமொழி: வாடகையை 1,350 வரைக்கும் குறைச்சாலும் கிரெடிட் மாறாது. அதுக்குக் கீழ குறைச்சால் வீட்டுக்காசு குறையும், அதே அளவுக்கு உச்சவரம்பு வெட்டும் குறையும். ஆகக் கடைசியில கைக்கு வாறது ஒண்டுதான். நீங்கள் விடுற ஒவ்வொரு பவுணும் முழுசா அந்தக் குடும்பத்துக்குத்தான். குறைக்கிறதெண்டால் "இத்தனை மாதத்துக்கு மட்டும், இந்தத் திகதியோட பழைய வாடகை" எண்டு எழுத்தில குடுங்கோ. இல்லாட்டி திரும்பக் கூட்ட 13ம் பிரிவு நோட்டீஸ், ரெண்டு மாத அவகாசம், ட்ரிப்யூனல் எண்டு போக வேண்டி வரும்.

தஞ்சைக் கணக்கன்

அக்கா சொன்ன கணக்கு சரி. உச்சவரம்பை உடைக்க முக்கியமான வழி சம்பளம். 2025-26ல அந்த வீட்டோட மொத்தச் சம்பளம் மாசம் 846 பவுண்டைத் தொட்டா வரம்பே கிடையாது. ஒருத்தரே சம்பாதிக்கணும்னு இல்ல, ரெண்டு பேர் சம்பளத்தையும் சேர்த்துப் பார்ப்பாங்க.

846 வந்தா என்ன ஆகும்? பிள்ளைங்க இருக்கறதால முதல் 411ஐத் தொட மாட்டாங்க. மீதி 435ல 55 சதவீதம், அதாவது 239.25 கிரெடிட்ல குறையும். அப்போ கிரெடிட் 2,370.66, சைல்ட் பெனிஃபிட் 187.63, சம்பளம் 846. மொத்தம் 3,404 பவுண்டுக்குப் பக்கம். இப்போ வர்றது 2,110. ஒரு சின்ன வேலைக்கு மாசம் கிட்டத்தட்ட 1,300 பவுண்ட் வித்தியாசம்.

பலர் சறுக்கற இடம் ஒண்ணு இருக்கு. 846ங்கறது வாரம் 16 மணி நேரம், மணிக்கு 12.21ங்கற கணக்கு. ஆனா சூப்பர்மார்க்கெட், கேர் வேலை மாதிரி இடங்கள்ல நாலு வாரத்துக்கு ஒரு தடவை சம்பளம் போடறது சகஜம். 16 மணி நேரத்துக்கு நாலு வாரச் சம்பளம் 781தான். வருஷத்துல ஒரே ஒரு மாசம் ரெண்டு சம்பளம் விழும், அப்போ மட்டும் தப்பிப்பாங்க. மத்த பதினொரு மாசமும் வெட்டு. அதனால நாலு வாரச் சம்பளம்னா வாரம் 18 மணி நேரமாவது கேட்டு வாங்கச் சொல்லுங்க. ஏப்ரல்ல குறைந்தபட்சச் சம்பளம் கூடும்போது இந்த எல்லையும் கூடும், அதையும் பார்த்துக்கணும்.

புருஷன், மனைவி ரெண்டு பேர்ல யாருக்காவது பிப் (நாள்பட்ட வியாதி, ஊனத்துக்கான உதவித்தொகை), கேரர்ஸ் அலவன்ஸ் (நோயாளியைப் பார்த்துக்கறவங்களுக்கான உதவித்தொகை) கிடைக்க வாய்ப்பு இருந்தா அதுவும் உச்சவரம்புல இருந்து விலக்குத் தரும். தங்களோட நாள்பட்ட வியாதியை "இதுக்கெல்லாம் எதுக்கு அப்ளை பண்றது"ன்னு நம்மாளுங்க விட்டுடறாங்க. விடக்கூடாது.

கிழக்குவாசல்

ரெண்டு பேருக்கும் நன்றி. மனைவி பள்ளிக்கூட டின்னர் லேடி (மத்தியானச் சாப்பாட்டு நேர உதவியாளர்) வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறா. நேரடிப் பணமும் நோட்டீஸும் எப்பிடி?

மல்லிகைப்பந்தல்

டின்னர் லேடி வேலைக்குப் போக முதல் மணித்தியாலத்தைக் கேக்கச் சொல்லுங்கோ. பள்ளிக்கூட நாளில ஒண்டரை மணித்தியாலம் எண்டால் 846ஐ எட்டாது. புருஷனும் சேர்ந்து ஏதாவது பகுதிநேரம் செய்தால் எட்டும்.

நேரடிப் பணம்: ரெண்டு மாத வாடகை அளவுக்கு நிலுவை ஏறினால் பெனிஃபிட் குடுக்கிற அரசாங்கத் திணைக்களமான டி.டபிள்யூ.பி.யின்ர ஆன்லைன் படிவத்தில நீங்களே கேக்கலாம். ஆனால் அவசரப்படாதேங்கோ. வெட்டு விழுந்த கிரெடிட்டில இருந்து வீட்டுப் பங்கை நேரா உங்களுக்கு அனுப்பினால், பிள்ளையளுக்குச் சமைக்கக் காசிராது. காசு கையில நிக்காமல் செலவாகிற ஆக்களுக்குத்தான் அது மருந்து. உங்கட ஆக்களுக்கு வருத்தம் அதில்லை.

முதல் செய்ய வேண்டியது கவுன்சிலில டி.எச்.பி. எண்ட கூடுதல் வீட்டு உதவிக்கு விண்ணப்பம். இங்கிலாந்தில 2026 ஏப்ரலில இருந்து அது க்ரைசிஸ் அன்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட் எண்ட பேருக்குள்ள வருது. விண்ணப்பிக்கிறது அவைதான், நீங்கள் செய்யக்கூடியது நிலுவைக் கணக்கும் ஒரு கடிதமும். கடிதத்தில மூண்டு விஷயம் இருக்கட்டும்: எவ்வளவு துண்டு விழுகுது, அது தீர்ந்தால் இந்த வீட்டிலேயே இருக்கலாம், வேலை தேடுறதுக்கு எத்தனை மாதம் தேவை. ஜேர்னல் ஸ்டேட்மென்ட், வாடகை ஒப்பந்தம், பேங்க் ஸ்டேட்மென்ட் மூண்டையும் சேர்த்துக் குடுத்தால் திரும்பக் கேட்டு இழுபடாது. ஒரு வேலை கிடைக்கும் வரைக்கும் எண்டு முடிவு தெரிஞ்ச விண்ணப்பத்துக்குக் கவுன்சில் கெதியா இரங்கும்.

21ம் பிரிவு 2026 மே 1 ஓட முடியுது. ஏஜென்ட் சொல்றது சட்டப்படி பிழையில்லை. ஆனால் டெபாசிட்டை 30 நாளுக்குள்ள பதியாட்டி, காஸ் சேர்ட்டிஃபிகேட் குடுக்காட்டி அந்த நோட்டீஸ் செல்லாது. கோர்ட்டுக்குப் போனாலும் மாதக்கணக்கில இழுபடும், அந்தக் காலம் முழுக்க வாடகை வராமலும் போகலாம். பெய்லிஃப் (வீட்டைக் காலி செய்யிற கோர்ட் அதிகாரி) வரும் வரைக்கும் இருங்கோ எண்டுதான் பல கவுன்சில்கள் வாடகைக்காரருக்குச் சொல்லும். ஏனெண்டால் முந்தி வெளிக்கிட்டால் "தானாய் வீட்டை விட்டவர்" எண்டு கையை விரிக்கலாம்.

மே 1க்குப் பிறகு நிலுவைக்காகக் கோர்ட் கட்டாயம் எழுப்பித் தாறதெண்டால் மூண்டு மாத வாடகை நிலுவை வேணும், நாலு கிழமை நோட்டீஸ். கிரெடிட் வரச் சுணங்கினதால நிண்ட காசை அந்தக் கணக்கில சேர்க்கேலாது. உச்சவரம்பு வெட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

நெல்லிமரம்

இந்த இழையில தொங்கிற ரெண்டு விஷயம். மூண்டு, நாலு பிள்ளை உள்ள குடும்பங்களுக்கு 2026 ஏப்ரலில ரெண்டு பிள்ளைக் கட்டுப்பாடு, அதாவது கிரெடிட்டில ரெண்டு பிள்ளைக்கு மட்டுந்தான் காசு எண்ட விதி, எடுபடுது. உச்சவரம்பில முட்டி நிக்கிறவைக்கு அதால ஒண்டும் கூடாது, எனவே "ஏப்ரலில காசு கூடும், பொறுங்கோ" எண்டு வாக்குக் குடுக்க விடாதேங்கோ.

மற்றது, எங்கட வீடுகளில 21 தாண்டின மகனும் மகளும் தாய் தேப்பனோடதான் இருப்பினம். 21 ஆன மாதத்தில இருந்து அவையின்ர பங்கெண்டு 90 பவுண்ஸுக்கு மேல வீட்டுக்காசில கழிப்பினம், வேலை இருக்கோ இல்லையோ. தாய் அல்லது தேப்பனுக்குப் பிப்பில டெய்லி லிவிங் (அன்றாடத் தேவைக்கான) பகுதி இருந்தால் கழிக்கேலாது. பிறந்தநாளுக்கு முந்தியே பிள்ளையோட கதைச்சு, அந்தக் காசை யார் போடுறதெண்டு முடிவெடுக்கச் சொல்லுங்கோ.