சினைப்பைப் புற்று திரும்பியவருக்குக் குடல் அடைப்பு: ரைல்ஸ் டியூபை மூடினால் வாந்தி

டியூட்டி டாக்டர்:
58 வயது அம்மா. நான்கு நாளாக மோஷன், கேஸ் இரண்டும் இல்லை. சிடியில் சிறுகுடலில் மூன்று இடத்தில் அடைப்பு, வயிற்றில் நீரும் இருக்கிறது. மூக்கு வழியே இரைப்பைக்குப் போட்ட ரைல்ஸ் டியூபில் தினம் ஒன்றரை லிட்டர் பச்சையாக வருகிறது. மெட்டோகுளோப்ரமைட் போட்டதும் முறுக்குவலி கூடிவிட்டது. வீட்டார் ஆபரேஷன் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

வலி நிவாரண மருத்துவர்:
மெட்டோகுளோப்ரமைடை உடனே நிறுத்துங்கள். குடலைத் தள்ளும் மருந்து அது. பாதி அடைப்புக்குத்தான் சரி, அதுவும் முறுக்குவலி இல்லாவிட்டால். முழு அடைப்பில் தள்ளினால் குடல் ஓட்டையாகவும் கூடும். குமட்டலுக்கு ஹாலோபெரிடால் போதும். ஆக்ட்ரியோடைட் 100 மைக்ரோகிராம், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை தோலடியில், போதாவிட்டால் 200. சுரப்பு குறையும், டியூபில் வருவதும் இறங்கும். விலை கட்டாதென்றால் ஹையோசின் பியூட்டைல்புரோமைடு நாளுக்கு 60 மி.கி., முறுக்குவலிக்கும் கேட்கும். வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு டெக்ஸாமெத்தசோன் 8 மி.கி. காலையில், ஐந்து நாளில் பலன் தெரியாவிட்டால் விட்டுவிடலாம். பொட்டாசியம் பார்த்தீர்களா? இவ்வளவு வெளியே போனால் இறங்கும். இறங்கினால் குடல் இன்னும் மந்தமாகும்.

சர்ஜன்:
புற்றுக்குப் புது ரத்தக்குழாய் வளராமல் தடுக்கும் பெவாசிசுமாப் ஊசி கடைசியாக எப்போது?

டியூட்டி டாக்டர்:
மூன்று வாரம் ஆகிறது சார்.

சர்ஜன்:
அப்படியானால் இப்போது கத்தி வேண்டாம். குறைந்தது 28 நாள் விட வேண்டும், இல்லாவிட்டால் தையல் ஆறாது. நாள் கடந்தாலும் இவருக்கு நான் தயங்குவேன். ஒரே இடத்தில் அடைப்பு, நடமாடும் தெம்பு, கொடுக்க இன்னும் கீமோ மிச்சம் என்றால் பேச்சு வேறு. மூன்று இடத்து அடைப்பும் நீரும் இருக்கும்போது திறந்தால், ஒன்றும் செய்யாமலே மூட நேரலாம். பிறகு குடல் கசிந்து ஃபிஸ்டுலா, அதாவது குடலிலிருந்து வெளியே புண்வழி, விழலாம். வீட்டாரிடம் இதை ஒளிக்காமல் சொல்லுங்கள். இன்னொன்று, பெவாசிசுமாப் தானே குடலில் ஓட்டை போடும். டெக்ஸா ஓடும்போது காய்ச்சலும் வயிற்று விறைப்பும் மறைந்துவிடும். நாடி திடீரென்று ஏறினால் மறுபடி சிடி எடுங்கள்.

ஸ்டோமா சிஸ்டர்:
மருந்துக்கு அடங்காவிட்டால் மூக்கு டியூபை வாரக்கணக்கில் வைத்திருக்காதீர்கள், மூக்கும் தொண்டையும் புண்ணாகும். வயிற்றுச் சுவர் வழியே இரைப்பையில் வெளியேற்றும் குழாய் போடலாம். முதலில் வயிற்று நீரை வடித்துவிட வேண்டும், இல்லையேல் குழாயைச் சுற்றிக் கசியும். மெல்லிய குழாய் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், 20 ஃப்ரெஞ்சுக்கு (குழாயின் பருமன் அளவு) குறையாமல் கேளுங்கள். அதன்பின் மோர், வடிகட்டிய சூப், இளநீர் வாய் ருசிக்குக் குடிக்கலாம், குழாய் வழியே வெளியே மாட்டிய பைக்கு வந்துவிடும். சோற்றுப் பருக்கை ஒன்று போனாலும் அடைக்கும். தினம் இருமுறை 30 மி.லி. தண்ணீர் விட்டு அலசச் சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம்.