டவுன் பஸ்ஸில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கீரைக்காரர் மகள்:
டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு வேண்டாம் என்று ஆனதிலிருந்து ஆளுக்கொரு கருத்து சொல்லியாயிற்று. எனக்குக் கருத்து வேண்டாம், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். என்னுடையதை முதலில் கொட்டிவிடுகிறேன், போன வாரத்திலிருந்து மனசே சரியில்லை.

அம்மாவுக்கு 67 வயது, கீரை வியாபாரம். சந்தை முடிந்து காலிக் கூடையோடு ஏறினோம். அம்மாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்டக்டர் வந்து, "காசு குடுத்தவங்க நிக்கறாங்க, உனக்கு ஜன்னல் சீட்டு கேக்குதா? எந்திரிம்மா" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டார். எழுந்ததோடு விடவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து 10 ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். கை நடுங்கியது. அவர் வாங்கவில்லை, சலித்துக்கொண்டே முன்னால் போய்விட்டார். அம்மா அந்தத் தாளைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொள்ளவே இல்லை. இறங்கும்வரை கையிலேயே வைத்திருந்தார். பக்கத்தில் நின்ற நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் என்னை அறுக்கிறது.

மதுரைக்காரன்:
உங்கள் அம்மாவுக்கு நடந்தது தப்பு, அதில் பேச்சே இல்லை. ஆனால் கருத்தே சொல்லக்கூடாது என்றால் எப்படி? ஆரம்பத்திலேயே 1,200 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். நல்ல சம்பளம் வாங்கும் பெண்ணுக்கும் இலவசம், மண்வெட்டியோடு ஏறும் ஆண் காசு கொடுக்கிறார். வருமானம் பார்த்துக் கொடுத்திருக்கலாம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

எனக்கு நடந்தது இது. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் நண்பனிடம், "எல்லாம் ஓசிக் கூட்டம், எங்கே உட்கார்றது?" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. பக்கத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். திட்டவில்லை. விரலில் நாரைச் சுற்றியபடியே, "தம்பி, உங்க அம்மாவும் இதுலதானே வருவாங்க?" என்று கேட்டார். அன்று காலையில்தான் அம்மா அதே பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அதற்கப்புறம் அந்த வார்த்தை என் வாயில் வந்ததில்லை. திட்டத்தைப் பற்றிய கருத்து மாறவில்லை, அது வேறு.

திருப்பூர் பனியன் கம்பெனி:
மதுரைக்கார அண்ணா, வருமானம் பார்த்துக் கொடுப்பது என்றால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? சான்றிதழுக்கு வி.ஏ.ஓ. ஆபீஸ், தாலுகா ஆபீஸ் என்று அலைய வேண்டும். ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. வாங்கிய பிறகும் ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் அத்தனை பேர் முன்னால் ஏழை என்று அட்டையைக் காட்ட வேண்டும். இப்போது ஏறினால் போதும். மாநிலத் திட்டக் குழு ஆய்வில் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று வந்தது. எனக்கு அவ்வளவு வராது, 600 பக்கம் வரும். மகளுடைய டைப்ரைட்டிங் வகுப்புக்கு அதுதான் போகிறது. அவள் போன மாதம் லோயர் பரீட்சை எழுதினாள். மண்வெட்டியோடு ஏறும் அந்த ஆளின் மனைவியும் இதே பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறார், மிச்சம் அதே வீட்டுக்குத்தான் வருகிறது.

என் அனுபவம் சின்னது. 2021 மே 8, முதல் நாள். பழக்கத்தில் காசை நீட்டினேன். "இன்னையிலிருந்து வேண்டாங்க்கா" என்று கண்டக்டர் என் விரல்களை மடக்கிவிட்டார். நம்பிக்கை வரவில்லை, இறங்கும்போது கேட்பாரோ என்று கையிலேயே பிடித்திருந்தேன், காசு வியர்வையில் நனைந்துவிட்டது. 10ஆம் தேதி ஊரடங்கு வந்து பஸ்ஸே நின்றுபோனது. கிடைத்தது அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

நிலா:
திருநங்கைகளுக்கும் உண்டு என்று 2021 ஜூனிலேயே அறிவித்துவிட்டார்கள். ஆனாலும் முதல் ஒரு மாதம் நான் காசு கொடுத்தேதான் போனேன். கண்டக்டரிடம் கேட்டு, அவர் "கிடையாது" என்று சொல்லி, பஸ்ஸே திரும்பிப் பார்த்தால் என்ன செய்வது? ஒரு நாள் நான் பர்ஸைத் திறக்கும்போதே கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து, "இந்தாங்கக்கா" என்றார். அந்த "அக்கா"வுக்கு நான் தயாராக இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த டிக்கெட்டை இன்னும் வைத்திருக்கிறேன், எழுத்து மங்கிவிட்டது.

ஓய்வுபெற்ற கண்டக்டர்:
28 வருஷம் பை மாட்டியவன். கடைசி வருஷத்தில் நடந்தது. டிரிப் லேட். கைக்குழந்தையோடு ஒரு பெண் ஓடி வந்தார். பார்த்தேன், பார்த்தும் டபுள் விசில் கொடுத்தேன். பின் கண்ணாடி வழியாக ரோட்டில் அவருடைய ஒற்றைச் செருப்பு கிடப்பது தெரிந்தது.

கீரைக்காரர் மகளுக்குச் சில விஷயம் சொல்கிறேன். முதலில், காசு இல்லாவிட்டாலும் டிக்கெட் உண்டு. கேட்டு வாங்குங்கள். எத்தனை பெண்கள் ஏறினார்கள் என்பதற்கு அந்த டிக்கெட்தான் கணக்கு. செக்கிங் ஏறும்போது அது உங்கள் கையில் இல்லாவிட்டால் கண்டக்டருக்குத்தான் மெமோ. ஆகவே உங்கள் அம்மா கணக்கில்லாமல் வந்தவர் இல்லை, முறையான பயணி. அவரை எழுப்ப யாருக்கும் அதிகாரம் கிடையாது. அப்புறம், ஓடும் பஸ்ஸில் சண்டை போடாதீர்கள், டிரைவரும் சேர்ந்துகொள்வார். வண்டி எண், ஏறிய இடம், நேரம் இந்த மூன்றையும் குறித்து டிப்போவில் கிளை மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னால் அன்றோடு போய்விடும். ஏறிய நேரம் தெரிந்தால் போதும், அந்த டிரிப்பில் யார் டியூட்டி என்று எடுத்துவிடலாம். ஏறும் முன் போர்டையும் பாருங்கள். சாதாரணக் கட்டண வண்டியில் மட்டும்தான் இந்த இலவசம் உண்டு, எக்ஸ்பிரஸ், டீலக்ஸில் கிடையாது. பாதிச் சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது. சென்னையில் முன்னும் பின்னும் பிங்க் பெயின்ட் அடித்தது அதற்காகத்தான். கூட்டத்தில் கூடையைப் படியருகே வைக்காதீர்கள், சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.

மதுரைக்காரன்:
ஐயா, அந்தச் செருப்புக்கு அப்புறம் வண்டியை நிறுத்தினீர்களா?

ஓய்வுபெற்ற கண்டக்டர்:
இல்லை தம்பி.

கீரைக்காரர் மகள்:
ஐயா, வண்டி எண்ணைக் குறிக்கவில்லை. குறித்திருந்தாலும் அம்மா கொடுக்க விடமாட்டார், "அவனுக்கும் புள்ளகுட்டி இருக்கும்" என்பார். நேற்றும் சந்தைக்கு அதே ரூட்டில்தான் போனார். நானும் கூட ஏறினேன். இடம் காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்தபடி நின்றார். டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் உட்கார்ந்தார்.