வெவ் கிளிக்கோவின் புகழ் யாருக்குச் சேர வேண்டும்?

நிலவறைவாசி:
வெவ் கிளிக்கோ ஷாம்பெய்ன் என்றாலே, 27 வயதில் கணவனை இழந்த பார்ப்-நிக்கோல் என்ற பெண் தனியாளாக நின்று சாதித்தார் என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. 1772ல் பிரான்சின் ரைம்ஸ் நகரில் தொழிலைத் தொடங்கியவர் அவருடைய மாமனார் பிலிப் கிளிக்கோ. அவருடைய அப்பா, போன்சார்தான் என்பவர், ஜவுளியில் பெரும் பணக்காரர், பிறகு அந்த ஊருக்கே மேயர் ஆனவர். 1805ல் கணவர் பிரான்சுவா இறந்ததும் மாமனார் முதல் போட்டார், கூட்டாளியாக ஃபூர்னோ வந்தார். தனியாள் எங்கே?

கொடிமுந்திரி:
முதல் இருந்தால் மட்டும் போதுமா? நெப்போலியன் போர்களில் வியாபாரம் படுத்துவிட்டது, 1810ல் ஃபூர்னோ விலகிக்கொண்டார், பார்ப்-நிக்கோல் விலகவில்லை. அந்தக் காலத்துப் பிரெஞ்சுச் சட்டப்படி மனைவி கணவன் சம்மதம் இல்லாமல் ஒப்பந்தம் போட முடியாது, விதவை போடலாம். அவர் மறுமணம் செய்யாமலே இருந்தார், நிறுவனத்தின் பெயரிலேயே 'வெவ்', அதாவது விதவை என்று போட்டுக்கொண்டார். 1814ல், போரால் அடைபட்டிருந்த கடல்வழி முழுசாகத் திறக்கும் முன்பே, மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, ரஷ்யச் சந்தையைக் குறிவைத்து 10,000 பாட்டில்களுக்கு மேல் கப்பலேற்றினார். பிடிபட்டால் அத்தனையும் போயிருக்கும். அந்தத் துணிச்சலை எந்த மாமனாரும் தர முடியாது.

நிலவறைவாசி:
அந்தக் கப்பலோடு போய் விலை பேசி விற்றவர் விற்பனை முகவர் லூயி போன். அப்புறம், பாட்டிலுக்குள் தங்கி மதுவைக் கலங்கலாக்கும் ஈஸ்ட் வண்டலைப் பிரிக்கும் முறைக்கும் பார்ப்-நிக்கோல் பெயரைத்தான் சொல்கிறார்கள், நிலவறைத் தலைமைத் தொழிலாளி அந்துவான் முல்லரை யாரும் சொல்வதில்லை.

கொடிமுந்திரி:
முல்லர் பெயர் வரவேண்டும், சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்: தெளிவாக வேண்டுமென்றால் ஒரு பாட்டிலிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றவேண்டும், ஊற்ற ஊற்ற நுரை போய்விடும், மதுவும் வீணாகும். இவர்கள் மேசைப் பலகையில் சாய்வாகத் துளை போட்டு, பாட்டிலைக் கழுத்து கீழே இருக்கும்படி செருகி, தினமும் கொஞ்சம் அசைத்துத் திருப்பினார்கள். வாரக்கணக்கில் வண்டல் வழுக்கி வந்து தக்கையின்மேல் உட்கார்ந்துகொள்ளும். தக்கையைச் சட்டென்று எடுத்தால் வண்டல் மட்டும் தெறித்துவிடும், மிச்சமெல்லாம் கண்ணாடி மாதிரி. வேலை முல்லருடையதாகவே இருக்கட்டும், கலங்கலாக இருந்தால் விற்கமாட்டேன் என்று பிடிவாதமாக நின்று, அதற்குக் காலமும் பணமும் கொடுத்தவர் முதலாளியம்மாதானே.

ஓக்_பீப்பாய்:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அவருக்கு ஒரே மகள், கிளெமாந்தீன். தொழிலை மகளுக்கும் கொடுக்கவில்லை, பேத்திக்கும் கொடுக்கவில்லை. ஜெர்மனியில் பிறந்து, ஊழியராகச் சேர்ந்த எதுவார் வெர்லேயை 1831ல் பங்குதாரர் ஆக்கி, கடைசியில் அவரிடமே ஒப்படைத்தார். இன்று அது எல்விஎம்ஹெச் என்ற பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் குழுமத்தின் கையில். கிளிக்கோ குடும்ப நிறுவனம் என்ற பேச்சே 1866ல், அவர் இறந்ததோடு முடிந்துவிட்டது.

நிலவறைவாசி:
வெர்லே விஷயத்தில் நான் முதலாளியம்மா பக்கம். சொந்த ரத்தத்தை ஒதுக்கி, வேலை தெரிந்தவனிடம் சாவியைக் கொடுக்க அன்றைக்கு எத்தனை முதலாளிகளுக்கு மனசு வந்திருக்கும்? முல்லருக்கும் அதே மரியாதை கிடைத்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.