புதுப்பிப்பு: மகளின் கால் ரொட்டிக் கணக்கு

தரம் 2 படிக்கும் மகள், வட்ட ரொட்டியை பக்கம் பக்கமாக மூன்று நேர்வெட்டில் நான்கு நீளக் கீலமாக்கிவிட்டு "நாலும் கால்தான் அம்மா" என்கிறாள் என்று போன கிழமை எழுதியிருந்தேன். கடதாசியில் மடிக்கச் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் டிமைத் தாள் (பெரிய கடதாசி) வாங்கிவந்து, தட்டை வைத்து வட்டம் கீறி வெட்டினோம். இரண்டாக மடித்து, திரும்பவும் மடித்து, மடிப்பில் வெட்டினால் நான்கு துண்டும் அச்சாகப் பொருந்தின. பிறகு ரொட்டிக் கீலங்களை அடுக்கிப் பார்த்தாள். ஓரத்துண்டைத் தூக்கி, "இது காலை விடச் சின்னன்" என்றாள். எனக்குப் பெரிய சந்தோசம்.

அப்புறம்தான் புதுச் சிக்கல். நீள்சதுரத் தாளில் மூலைக்கு மூலை இரண்டு கோடு கீறினாள். இரண்டு முக்கோணம் ஒடுக்கம், இரண்டு அகலம். "பொருந்தேல்லை, அப்ப கால் இல்லை" என்றாள். நானும் ஓம் என்றுவிட்டேன். அது பிழை. கோடுகள் சந்திக்கும் புள்ளியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தின் நடுவுக்கும் வெட்டினால் எட்டுச் சிறு முக்கோணங்கள் வரும். சிலதைக் கவிழ்த்து வைத்தால் எட்டும் ஒரே அளவு. ஒவ்வொரு பெரிய முக்கோணத்திலும் அதில் இரண்டு. வடிவம் வேறு, பரப்பு ஒன்றுதான். அவளே எட்டையும் அடுக்கிப் பார்த்த பிறகுதான் நம்பினாள்.

இப்போது பாண் துண்டையும் மூலைக்கு மூலை வெட்டித் தரச் சொல்கிறாள்.